லோனாவாலாவில் ரெண்டு நாள்: கோட்டை, குகை, ரிசார்ட் – எதை எடுப்பது, எதை விடுவது?

கேள்வி – 2025 ஆகஸ்ட் 4

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். நாங்கள் மும்பை முலுண்ட். சனி, ஞாயிறு புனே வழியில் உள்ள மலை ஊர் லோனாவாலா போகலாம் என்று இருக்கிறோம். நீச்சல் குளத்தோடு ஒரு ரிசார்ட் பார்த்து வைத்தாயிற்று. கார் இருப்பதால் லோஹகட், விசாப்பூர் கோட்டைகள், கார்லா, பாஜா குகைகள், டைகர் பாயிண்ட், பூஷி அணை எல்லாவற்றையும் சனிக்கிழமையே முடித்துவிட்டு ஞாயிறு ரிசார்ட்டில் ஓய்வு எடுக்கலாம் என்பது திட்டம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. பையனுக்கு ஒன்பது வயது. குகை எல்லாம் ஒரே மாதிரிதான், ஒன்றைப் பார்த்தால் போதும் என்று ஆபீசில் சொல்கிறார்கள். அப்படித்தானா?

பதில் – ஆகஸ்ட் 5, காலை

இல்லை. முதலில் திட்டத்தைப் பாதியாக வெட்டுங்கள். ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமையில் மும்பையும் புனேயும் சேர்ந்து லோனாவாலாவுக்குக் கிளம்புகின்றன. காரில் போனால் காட் ரோட்டிலேயே, அதாவது மலைச்சாலையிலேயே, காலைப்பொழுது போய்விடும். தானேயில் விடியற்காலை இந்திராயணி எக்ஸ்பிரஸ் பிடியுங்கள். கர்ஜத்தில் பின்னால் கூடுதல் எஞ்சின்களைக் கோப்பார்கள், அதைப் பையனுக்குக் காட்டுங்கள். 37 அடிக்கு ஓரடி ஏறுகிற பாதை அது, 1863-இல் திறந்தது. மழைக்காலத்தில் அந்த ஏற்றத்தில் சுரங்கத்துக்கும் சுரங்கத்துக்கும் நடுவில் அருவிகள் தெரியும். டைகர் பாயிண்டில் கூட்டத்துக்குள் நின்று மேகத்தைப் பார்ப்பதை விட ஜன்னலோரத்தில் அப்பா அம்மாவுக்கு இது எவ்வளவோ மேல்.

ரெண்டாவது, லோஹகட்டையும் விசாப்பூரையும் இந்த மாதம் விட்டுவிடுங்கள். விசாப்பூருக்குப் போகும் ஒரு வழியில் மழைத் தண்ணீர் படி வழியாகவே இறங்கி வரும். இளவட்டங்களுக்கு அது கொண்டாட்டம், முழங்கால் வலிக்கு ஆகாது. கோட்டைகள் எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை. அக்டோபரில் போங்கள்.

மூன்றாவது, குகை எல்லாம் ஒன்றுதான் என்பது. ஆபீசில் சொன்னவர் வாசலில் நின்று போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பியிருப்பார். பாஜா கி.மு. இரண்டாம் நூற்றாண்டு, பேட்ஸே அதற்குச் சற்றுப் பிந்தியது, கார்லாவின் பெரிய சைத்தியம், அதாவது பௌத்த வழிபாட்டு மண்டபம், கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது. ஒரே சுற்றுவட்டாரத்தில் இருநூறு முந்நூறு வருஷ வேலை. பாஜாவில் தூண்கள் மொட்டையாக இருக்கின்றன. பேட்ஸேயில் தூணின் தலையில் குதிரையும் யானையும் ஆளும் ஏறுகிறார்கள். கார்லாவில் அதே யோசனை மண்டபம் முழுக்க நிறைந்துவிடுகிறது. கல்தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேறி வந்ததைக் கண்ணால் பார்க்கலாம். மூன்றையும் பார்த்தால்தான் இது தெரியும். நேரமில்லை என்றால் பாஜாவும் கார்லாவும், இந்த வரிசையிலேயே.

அப்புறம் இன்னொன்று, இதுதான் முக்கியம். குகை தனி, கோட்டை தனி, ரயில் தனி என்று பிரித்துப் பார்க்காதீர்கள். கடற்கரையிலிருந்து தக்காணத்துக்கு ஏறும் வழி போர்காட். கல்யாணும் சோபாராவும் துறைமுகமாக இருந்த காலத்தில் சரக்கு ஏறியது அந்தப் பக்கம்தான். வியாபாரிகள் போன வழியில் பிக்குகளுக்கு மடம் குடைந்தார்கள். அதே வழியைக் காக்கத்தான் மேலே கோட்டை. ரயில்காரர்களும் பின்னால் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். நான் டோம்பிவலி. தினமும் லோக்கலில் மாறி ஏறுகிற கல்யாண் ஸ்டேஷனின் பெயர் பழைய குகைக் கல்வெட்டுகளில், நம் போரிவலி கன்ஹேரியிலேயே, இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பிளாட்பாரத்தின் மேல் தனி மரியாதை.

ஆகஸ்ட் 5, இரவு

பூஷி அணையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 2024 ஜூன் 30 அன்று அணைக்குப் பின்னால் உள்ள அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். மேலே மழை பெய்தால் கீழே தண்ணீர் ஏறுவதற்கு அதிக நேரம் ஆகாது. ஒன்பது வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், அதனால் தனியாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 9

மேலே ஒரு நண்பர் "கார்லாவைச் சாதவாகன ராஜாக்கள் கட்டினார்கள்" என்று எழுதியிருந்தார். ராஜாக்களுக்குப் பங்கு உண்டு. மானியம் கொடுத்த கல்வெட்டுகள் இருக்கின்றன. க்ஷத்ரப அரசன் நகபானனின் மருமகன் உஷவதாதன் அங்கிருந்த பிக்குகளுக்கு ஒரு கிராமத்தையே கொடுத்திருக்கிறான். ஆனால் மண்டபத்தைக் குடைந்த காசு பெரும்பாலும் சாதாரண மனிதர்களுடையது. வைஜயந்தியிலிருந்து, அதாவது இன்றைய கர்நாடகத்து பனவாசியிலிருந்து, வந்த பூதபாலன் என்கிற செட்டி ஜம்புத்வீபத்திலேயே சிறந்த கல்மாளிகை இது என்று பொறித்து வைத்திருக்கிறார். அந்தப் பெருமிதம் நியாயமானதுதான் என்று உள்ளே போய் நின்றால் ஒப்புக்கொள்வீர்கள்.

மொத்தம் 37 தூண்கள். இரண்டு பக்கமும் பதினைந்து பதினைந்து, மேலே யானை மீது ஜோடி ஜோடியாக ஆட்கள். தூபிக்கு (ஸ்தூபத்துக்கு) பின்னால் ஏழு, அவற்றில் சிற்பம் கிடையாது. தூணைக் கொடுத்தவர் பெயர் தூணிலேயே இருக்கிறது. தேனுகாகடம் என்ற ஊரைச் சேர்ந்த யவனர்கள் பலர் கொடுத்திருக்கிறார்கள். அதே ஊர் வாசனைப் பொருள் வியாபாரி ஒருவர் வாசலுக்குக் கொடுத்திருக்கிறார். வாசலைச் செய்த தச்சர் தன் பெயரையும் விட்டுப் போயிருக்கிறார். நம் ஊர்க் கோயில் டியூப் லைட்டில் உபயம் என்று எழுதுகிற ஆட்களின் முன்னோர்களை நினைத்துக்கொண்டேன், மிகுந்த அன்போடு. இரண்டாயிரம் வருஷம் நின்றிருக்கிறதே!

மேலே பாருங்கள் என்று யாரும் சொல்லாமல் பலர் திரும்பிவிடுகிறார்கள். கூரையில் வளைவு வளைவாக ஓடுவது மரம். அந்தக் காலத்து மரமே. தூபியின் மேல் உள்ள குடையும் மரம். மேற்குப் பார்த்த குகை என்பதால் மத்தியானத்துக்கு மேல் லாட வடிவச் சாளரத்தின் வழியாக வெளிச்சம் உள்ளே இறங்கும். அந்த நேரத்தில் போனால் தூணின் மேலே இருக்கும் யானைகளின் தந்தம் இருந்த இடம் வரைக்கும் தெரியும். காலையில் போனால் இருட்டுதான்.

வாசலுக்கு முன்னால் ஏக்வீரா ஆயி கோயில். கோலி மக்களின் குலதெய்வம், நம் கடற்கரை மும்பையின் ஆதிக்குடிகளின் தெய்வம். ஞாயிறு, நவராத்திரி, சித்திரை என்றால் படி முழுக்க ஆட்கள், மஞ்சள், தேங்காய், கோழி. இதைப் பற்றி இங்கே ஒருவர் முகம் சுளித்து எழுதியிருந்தார். அவரோடு நான் ஒத்துப்போகவில்லை. கல் வெறும் காட்சிப்பொருளாக ஆகிவிடாமல் இன்னும் சனங்கள் வந்து போகிற இடமாக இருப்பது அந்தக் கோயிலால்தான். நெரிசல் வேண்டாம் என்றால் வாரநாளில் போங்கள்.

ஆகஸ்ட் 17

ரிசார்ட் பற்றி. கேட்டவர் தனிச்செய்தியில் வருத்தப்பட்டார், எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறேனாம். வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள். மத்தியானம் ஒரு மணி ரெண்டு மணிக்குத்தான் ரூம் கொடுப்பார்கள். மறுநாள் பதினொரு மணிக்குக் காலி செய்ய வேண்டும். நடுவில் காலைச் சாப்பாடு எட்டரைக்குத்தான் ஆரம்பிக்கும், அதற்குக் காசு கட்டியாயிற்று, விட மனசு வராது. மலையில் நடக்க நல்ல நேரம் எட்டு மணிக்குள். அந்த நேரம் முழுக்க பஃபே வரிசையில் போய்விடும். ரிசார்ட் உங்களைச் சுவருக்குள்ளேயே வைத்திருக்கத்தான் செய்யப்பட்டது. நான் குடும்பத்தோடு தங்கிய ஒன்றில் ராத்திரி ஒரு மணி வரை டிஜே. புகார் சொன்னதற்கு வெள்ளிக்கிழமை அப்படித்தான் என்று பதில் வந்தது.

பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது: மளவ்லி, கார்லா பக்கம் சின்னதாக ஒரு தங்குமிடம் பாருங்கள். கீழ்த்தள அறையா, வெந்நீர் வருமா, கிளம்பும் நாளில் காலை ஆறரைக்கு டீ தருவார்களா, இந்த மூன்றை மட்டும் போனில் கேளுங்கள். ஆறரைக்கு டீ தருகிற இடம் எல்லா விதத்திலும் நல்ல இடமாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 18

"அப்போ நீச்சல் குளம்?" என்று முலுண்ட் பையன் அப்பாவின் போனிலிருந்து கேட்டிருக்கிறான். தம்பி, கார்லா பக்கத்துத் தங்குமிடங்களிலும் சிலவற்றில் உண்டு. அப்பாவைக் கேட்டு புக் பண்ணச் சொல். ஆனால் பாஜாவில் பிக்குகள் வெட்டி வைத்த தண்ணீர்த் தொட்டிகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டு வந்து இங்கே எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 30

இழை எங்கேயோ போகிறது, போகட்டும். "லோஹகட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்" என்று சயானிலிருந்து ஒருவர். சம்பந்தம் இப்போது எழுத்திலேயே இருக்கிறது. 2025 ஜூலை 11 அன்று மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில். ராய்கட், ராஜ்கட், சிவ்நேரி, பிரதாப்கட், சிந்துதுர்க் இவற்றோடு லோஹகட்டும் உண்டு. பன்னிரண்டாவது விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி.

1677-இல் சிவாஜி தெற்கே வந்து செஞ்சியைப் பிடித்துப் பலப்படுத்தினார். அவர் இறந்த பிறகு, ராய்கட் முகலாயர் கைக்குப் போன பின், மகன் ராஜாராம் செஞ்சிக்கு வந்து அங்கிருந்துதான் அரசை நடத்தினார். முகலாயப் படை வருஷக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-இல்தான் பிடித்தது. சயாத்ரியில், அதாவது இந்தப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலையில், தோற்றால் மொத்தமும் போயிற்று என்று இல்லாமல் தூரத்தில் ஒரு கோட்டை கையில் இருந்ததால்தான் மராட்டிய அரசு மூச்சுப் பிடித்து நின்றது. நம் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் சிவாஜி பாடம் படிக்கிறார்கள். அதில் செஞ்சியைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நாம்தான். லீவுக்கு ஊருக்குப் போகிறபோது திண்டிவனத்திலிருந்து அரைநாள் ஒதுக்கினால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறலாம். வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள்.

லோஹகட்டின் கதையும் லேசுப்பட்டதல்ல. 1648-இல் சிவாஜி பிடித்தார், 1665-இல் புரந்தர் உடன்படிக்கையில் முகலாயருக்கு விட்டுக்கொடுத்தார், 1670-இல் திரும்ப எடுத்தார். சூரத்தில் கிடைத்த செல்வத்தை வைத்திருந்தது இங்கேதான். பேஷ்வா காலத்தில் அவர்களின் அமைச்சர் நானா பட்னவிஸ் மேலே பெரிய குளம் வெட்டினார், 1789. 1818-இல் ஆங்கிலேயர் முதலில் விசாப்பூரைப் பிடித்தார்கள். அது லோஹகட்டை விட உயரம், எதிரிலேயே நிற்கிறது. அங்கிருந்து பீரங்கி பேசினால் லோஹகட்டில் யாரும் நிற்க முடியாது. ரெண்டு மலைக்கும் நடுவில் உள்ள கணவாயில் நின்று ரெண்டையும் அண்ணாந்து பார்த்தால் இந்தப் போர்க்கணக்கு புத்தகம் இல்லாமலே புரிந்துவிடும்.

செப்டம்பர் 14

சாப்பாடு பற்றிக் கேட்டவருக்கு: லோஹகட் அடிவாரத்து ஊர் லோஹகட்வாடியில் வீடுகளிலேயே பிட்லா (கடலைமாவுக் குழம்பு), பாக்ரி (ரொட்டி), தேச்சா போட்டுத் தருவார்கள். ஏறும்போதே சொல்லிவிட்டுப் போனால் இறங்கும்போது சூடாக இருக்கும். தேச்சா பச்சைமிளகாயும் பூண்டும் இடித்தது, பையனுக்குத் தனியாகத் தயிர் கேளுங்கள். மாட்டுங்காவிலிருந்து இட்லி கட்டிக்கொண்டு போகிறவர்கள் போங்கள், ஆனால் மலையில் ஒரு வேளையாவது அந்த வீட்டு அம்மாக்களிடம் சாப்பிடுங்கள். பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

செப்டம்பர் 15

காட் ரோட்டில் அம்ருதாஞ்சன் பாலம் எங்கே என்று கேட்டவருக்கு: இப்போது இல்லை. 1830-இல் கட்டியது, 2020 ஏப்ரலில் ஊரடங்கு சமயத்தில் இடித்துவிட்டார்கள். நம் சென்னைத் தைலத்தின் விளம்பரப் பலகை பக்கத்தில் நின்றதால் வந்த பெயர்.

அக்டோபர் 6

முலுண்ட் குடும்பம் போய்வந்தாயிற்று! அவர் எழுதியதைப் படித்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒன்றை மட்டும் இங்கே எடுத்துப் பேச வேண்டும். லோஹகட்டுக்கு அப்பாவைக் கீழே உட்கார வைத்துவிட்டு அம்மா முழுக்க ஏறியிருக்கிறார். ஏறி, மகா தர்வாஜா என்ற பெரிய வாசலைத் தாண்டி, நானா குளத்தங்கரையில் உட்கார்ந்து பையனுக்குக் கதை சொல்லியிருக்கிறார். வயசானவர்களுக்குக் கோட்டை வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இனி அப்படிச் சொல்லமாட்டேன். மழை நின்று பாறை காய்ந்திருந்தால் லோஹகட் படிகள் அகலம், கணேஷ் தர்வாஜாவிலிருந்து வாசலுக்கு வாசல் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். விஞ்சு காட்டாவுக்கு மட்டும் போகவேண்டாம். தேள் கொடுக்கு மாதிரி ஒன்றரை கிலோமீட்டர் நீண்டு கிடக்கிற அந்தப் பாறைமுதுகில் இறங்குகிற இடம் செங்குத்து. மேலிருந்து பார்த்தாலே பாவ்னா நீர்த்தேக்கம் வரைக்கும் தெரியும்.

அம்மா பாஜாவில் கேட்டதாக அவர் எழுதியிருந்த கேள்விதான் என்னை விடவே இல்லை: "கல்லைக் குடைஞ்சவன் எதுக்கு உள்ளே மரத்தை வைச்சான்?"

அம்மாவுக்குச் சொல்லுங்கள், அதுதான் பாஜாவின் மொத்த விஷயமும். அதற்கு முன் இவர்களுக்குத் தெரிந்த மண்டபம் மரத்தால் கட்டியது. மரத்தூண் கூரையின் பாரத்தைத் தாங்க உள்ளே சாய்ந்து நிற்கும். பாஜா சைத்தியத்தில் கல்தூண்களும் அப்படியே உள்ளே சாய்கின்றன. கல்லுக்கு அந்தச் சாய்வு தேவையே இல்லை, முழுப்பாறையின் பகுதிதானே. கூரை வளைவுகளோ கல்யாணப் பந்தலுக்கு மூங்கிலை வளைத்த மாதிரி நிஜ மரத்தால் ஆனவை, பாறையில் பதித்தவை. முகப்பும் மரமாகத்தான் இருந்தது, அது போய்விட்டது. மரம் செருகிய துளைகள் மட்டும் வாசலைச் சுற்றிப் பாறையில் இருக்கின்றன, சதுரமாக, விளிம்பில் உளித் தடத்தோடு.

இதோடு மண்டகப்பட்டு குடைவரைக் கோயிலையும் நினைத்துப் பாருங்கள். செஞ்சியிலிருந்து கொஞ்ச தூரம்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் அங்கே கல்வெட்டில் சொல்கிறான். பாஜா தச்சர்களுக்கு மரத்தை விட மனசில்லை. எண்ணூறு வருஷம் கழித்துப் பல்லவனுக்கு மரம் இல்லாமல் செய்ததே பெருமை. பாறையும் வேறு. சயாத்ரியில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பசால்ட், நம் பக்கம் கடினமான கிரானைட். அம்மா ஊருக்குத் திரும்புமுன் முடிந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். திருநெல்வேலிக்காரருக்குக் கழுகுமலை பக்கம்தான், அங்கேயும் பாறையைக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில் இருக்கிறது.

பாஜாவில் கடைசிக் குகைவரை போனீர்களா என்று எழுதவில்லையே? முக்கால்வாசிப் பேர் சைத்தியத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அதைத் தாண்டிப் போனால் பதினான்கு தூபிகள், உள்ளே ஐந்து, வெளியே ஒன்பது. அங்கே வாழ்ந்து இறந்த பிக்குகளின் நினைவாக எழுப்பியவை, சிலவற்றில் பெயரே இருக்கிறது. இன்னும் தள்ளி, பிக்குகள் தங்கிய விகாரத்தில் குதிரைத் தேரில் ஒருவர், யானை மேல் ஒருவர். சூரியனும் இந்திரனும் என்கிறார்கள் பலரும். பக்கத்தில் ஒரு பெண் ஜோடி முரசு தட்ட இன்னொருத்தி ஆடுகிறாள். தபலாவின் பழமைக்குச் சாட்சி என்று இதைக் காட்டுவோர் உண்டு. அந்த விரல்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தேய்ந்திருக்கிறது, ஆனாலும் தட்டுகிற கை தட்டுகிற கைதான்.

அக்டோபர் 7

பையன் தொட்டிகளை எண்ணவில்லையாம், லோஹகட் பீரங்கியைப் பார்த்ததில் மறந்துவிட்டானாம். மன்னித்தாயிற்று. அடுத்த தடவை.

நவம்பர் 10

இந்த சனி ஞாயிறு விசாப்பூரும் பேட்ஸேயும் போய்வந்தேன், கூட அக்கா மகள்.

விசாப்பூரைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. மழையில் போனால் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. நவம்பரில் வேறு ஊர் அது. மேலே சமவெளி, முழங்கால் உயரம் காய்ந்த புல், நெடுக ஓடும் மதில். மதில் விளிம்பில் நின்றால் கீழே எக்ஸ்பிரஸ்வே, பழைய நெடுஞ்சாலை, ரயில் மூன்றும் ஒரே பள்ளத்தாக்கில் ஓடுவது தெரிகிறது. அந்தப் பக்கம் கார்லா மலை. முதல் நாள் நான் எழுதிய போர்காட் வழிக் கதையை ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமென்றால் இந்த இடம்தான். லோஹகட்டில் கூட்டம் என்றால் யோசிக்காமல் விசாப்பூர் ஏறுங்கள். மேலே கடையோ நிழலோ கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள்.

பேட்ஸே கிழக்குப் பார்த்தது, அதனால் ஞாயிறு காலை. முன்னால் பாறையை முழுக்க வெட்டி எடுக்காமல் இடுக்கு மாதிரி வழி விட்டிருக்கிறார்கள். அந்த இடுக்கைத் தாண்டியதும் உயரமான தூண்கள், உச்சியில் குதிரையும் காளையும் யானையும், அவற்றின் மேல் ஆணும் பெண்ணும். ஏறுவெயில் அவர்கள் முகத்தில். எங்களைத் தவிர யாரும் இல்லை. உள்ளே ஒருகாலத்தில் ஓவியம் இருந்தது. 1861 வாக்கில் பார்வையிட வரும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்காக உள்ளூர் அதிகாரிகள் சுத்தம் செய்து வெள்ளையடிக்கச் சொன்னதில் அது போயிற்று. எனக்கு ஆறவே இல்லை. எத்தனையோ படையெடுப்பில் போகாதது ஒரு வாளி சுண்ணாம்பில் போயிருக்கிறது. பாதுகாப்பு என்ற பேரில் இன்றைக்கும் கோட்டைப் படிகளில் சிமெண்ட் பூசுவதைப் பார்க்கிறபோது பயமாக இருக்கிறது. யுனெஸ்கோ பட்டியலில் வந்த பிறகாவது லோஹகட்டில் கை வைப்பவர்கள் கல்லைத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். புனேயில் மலையேற்றக் குழுக்கள் பல வருஷமாகக் குளம் தூர்வாரி, மதிலில் முளைத்த செடி பிடுங்கிக்கொண்டிருக்கின்றன. மும்பைத் தமிழ்ச் சங்கங்களும் பொங்கல் விழாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுக்கலாம். நான் வருகிறேன்.

அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் கல்வெட்டு, மகாபோஜர் என்ற பட்டம் கொண்ட சிற்றரசரின் மகள் சாமடினிகா கொடுத்தது. அக்கா மகள் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் இன்னும் இருக்கிறது.

வழி கேட்பவர்களுக்கு: லோனாவாலாவில் புனே லோக்கல் மாறி காம்ஷேட்டில் இறங்குங்கள், மளவ்லி அதற்கு முந்தைய ஸ்டேஷன். காம்ஷேட்டிலிருந்து ஆட்டோ. காத்திருந்து திரும்பக் கூட்டிவருவதற்கும் சேர்த்தே பேசிவிடுங்கள், மலையடிவாரத்தில் வேறு வண்டி கிடைக்காது. படி நிறைய, ஆனால் சீராக இருக்கும். ஒன்பது மணிக்குள் மேலே இருங்கள்.